தெருவுல மனுஷங்கள படம் எடுக்க இன்ஸ்டாக்ஸ் மினி 12 எப்படி?

இன்ஸ்டாக்ஸ் மினி 12ங்கறது எடுத்த படத்த அங்கயே பிரிண்ட் போட்டு குடுக்கற ஃபுஜி கம்பெனி கேமரா. படத்தோட குவாலிட்டிக்காக வாங்குறதா இருந்தா வேண்டாம், முதல்லயே சொல்லிடறேன். பிரிண்ட் மொத்தமே பான் கார்டு சைஸ்தான், அதுல வெள்ளை பார்டர் போக படம் 62க்கு 46 மில்லிமீட்டர். ஃபோகஸ் நம்ம கையில இல்ல, வெளிச்சம் கூட்டி கொறைக்கிற பட்டனும் இல்ல, ஃபிளாஷ ஆஃப் பண்ணவே முடியாது. உங்க பழைய ஃபோன் கூட இதைவிட நல்லா எடுக்கும். அப்பறம் எதுக்கு ரிவ்யூன்னா, சென்னையில பாரிஸ் கார்னர் பக்கம் போட்டோ எடுக்க போறப்ப நான் தூக்கிட்டு போறது இதைத்தான், அந்த ஒரு வேலைக்கு இதைவிட நல்லது இதுவரைக்கும் என் கைக்கு வரல.

ஞாயித்துக்கிழமை காலையில போட்டோ வாக் போற கும்பலை பாத்திருப்பீங்க. மண்ணடியில தொப்பி போட்ட பாய் ஒரு படம், மின்ட் தெருவுல முக்காடு போட்ட சேட்டு வீட்டு பாட்டி ஒரு படம், ஆர்மீனியன் தெருவுல அந்தோணியாருக்கு மெழுகுவத்தி ஏத்துற அம்மா ஒரு படம், மூஞ்சிக்கு நேரா லென்ஸ நீட்டி பத்து பதினஞ்சு ஷாட் தட்டிட்டு நகர்ந்துடுவாங்க, சாயங்காலம் பன்முக கலாச்சாரம்னு ஹேஷ்டேகோட இன்ஸ்டாகிராம்ல வந்துடும். அந்த பாட்டி பேரு என்னன்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியாது. ஸ்டாம்ப் சேக்கிற மாதிரி ஆள் சேக்கறது இது, எனக்கு சுத்தமா பிடிக்கல.

மினி 12ல இந்த வேலை நடக்காது, நல்லவேளை. ஒரு ஃபிலிம் பேக்ல பத்தே படம், ஒரு படம் அம்பது ரூபாவுக்கு மேல ஆகுது, ஃபிளாஷ் வேற பளிச்சுனு அடிக்கும், ரெண்டு மீட்டர் தாண்டி நின்னா அந்த வெளிச்சமும் ஒழுங்கா போய் சேராது. ஒளிஞ்சு எடுக்க வழியே இல்ல, கிட்ட போய் "அக்கா ஒரு போட்டோ எடுத்துக்கவா, உங்களுக்கே குடுத்துடறேன்"னு வாயத் திறந்து கேட்டே ஆகணும். வேணாம்னு சொன்னா கெளம்பிடலாம். சரின்னு சொன்னா, எடுத்ததுக்கப்பறம் படம் தெளிய ஒன்றரை நிமிஷம் ஆகும் பாருங்க, இந்த கேமராவுல உருப்படியான விஷயமே அதுதான். அந்த ஒன்றரை நிமிஷம் ரெண்டு பேரும் வெறும் அட்டைய பாத்துட்டு நிக்கணும், சும்மா நிக்க முடியுமா, பேச்சு தானா வந்துடும்.

செகண்ட் லைன் பீச்ல ஒரு அத்தோ கடை (அத்தோன்னா பர்மா நூடுல்ஸ்) அண்ணனை எடுத்தேன். நூடுல்ஸ், முட்டைகோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணி எல்லாம் போட்டு கையாலயே பெசஞ்சுட்டு இருந்தாரு, விரல் பூரா பூண்டு எண்ணெய், அதனால படத்த வாங்க முடியல, நான்தான் அவர் கண்ணுக்கு நேரா பிடிச்சிட்டு நிக்க வேண்டியதாச்சு. முதல்ல பின்னாடி இருந்த சட்டி வந்துச்சு, அப்பறம் சட்டை, கடைசியாத்தான் மூஞ்சி. "அப்பா ரங்கூன்லேர்ந்து கப்பல்ல வந்தாரு தம்பி, அங்க எடுத்த ஒரு போட்டோ கூட எங்க வீட்ல கிடையாது"ன்னாரு. 1962ல பர்மால நே வின் ஆட்சிய பிடிச்சு, கடை கண்ணியெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கிட்ட பிறகு கைல கிடைச்சதோட கெளம்பி வந்தவங்க இந்த ஏரியாவுல நிறைய பேரு. இங்க இருக்கற சந்தைய பர்மா பஜார்னு ஆயிரம் தடவை சொல்லியிருப்போம், இத யாராவது கேட்டிருக்கோமா? வாழத்தண்டு சூப்புக்கு காசு வாங்க மாட்டேன்னுட்டாரு, அது தனி கதை.

இப்ப குறை. இருட்டுல கிட்ட வச்சு எடுத்தா ஃபிளாஷ் மூஞ்சிய வெளுத்துடுது. வெள்ளையா வந்திருக்கேன்னு சில பேர் சந்தோஷப்படறாங்க, எனக்குத்தான் உறுத்துது. ஏன்னா இந்த உடனடி கேமரா கதையில நிறம் ஒரு மோசமான சேப்டர். போலராய்டு கம்பெனியோட ஐடி கார்டு கேமராவ தென்னாப்பிரிக்காவுல கறுப்பின மக்களோட பாஸ்புக்குக்கு, அதாவது அரசாங்க அடையாள புத்தகத்துக்கு, படம் எடுக்க பயன்படுத்துனாங்க, அந்த பாஸ்புக் இல்லாம அவங்க சொந்த நாட்டுலயே நடமாட முடியாது. 1970ல அதே கம்பெனியில வேலை பாத்த கேரோலின் ஹன்டர், கென் வில்லியம்ஸ்னு ரெண்டு பேர் இத எதிர்த்து போராட்டம் ஆரம்பிச்சாங்க, ஹன்டருக்கு வேலையும் போச்சு, 1977லதான் கம்பெனி அங்கேர்ந்து வெளிய வந்துச்சு. ஃபுஜிக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. ஆனா ஒருத்தர உக்கார வச்சு உடனே பிரிண்ட் எடுக்கற அதே டெக்னாலஜிதான், படம் யார் கையில போய் சேருதுங்கறதுதான் வித்தியாசம்.

வெளுக்காம இருக்கணும்னா பகல்லயே எடுங்க, சன்ஷேடுக்கு கீழ, நேர் வெயில் படாத இடமா நிக்க வைங்க. ஆன் பண்ண திருகுன லென்ஸ இன்னொரு திருகு திருகுனா க்ளோஸ்அப் மோட், 30லேர்ந்து 50 சென்டிமீட்டர் வரைக்கும். வெளிய வந்த படத்த ஒதறாதீங்க, சினிமால பாத்து எல்லாரும் ஒதறாங்க, ஒரு பிரயோஜனமும் இல்ல. ஃபிலிம் தீர்ற வரைக்கும் பின்கதவ தொறக்கவே கூடாது. மே மாச வெயில்ல பைக் டேங்க் கவர்ல போட்டு வைக்காதீங்க, 40 டிகிரி வரைக்கும்தான் தாங்கும். பேட்டரி சாதா டபுள் ஏ ரெண்டு, எந்த பொட்டிக்கடையிலயும் கிடைக்கும்.

ஒரே சங்கடம், படத்த குடுத்துட்டா நமக்கு காப்பி இருக்காது. அது வேணும்னா மினி ஈவோ பாருங்க, அது டிஜிட்டல், மெமரில இருக்கும், எத்தனை பிரிண்ட் வேணா போட்டுக்கலாம், ஆனா விலை ரொம்ப கூட. அதுல நாலஞ்சு எடுத்து நல்லதா ஒண்ண பொறுக்கி குடுக்கலாம்ங்கறதும் ஒரு வசதிதான். எனக்கு மினி 12 போதும். வாங்கறவங்க கேமரா விலைய விட ஃபிலிம் செலவ கணக்கு போட்டுக்கோங்க, ஒரு படம் எடுத்தா பக்கத்து கடைக்காரரும் "எனக்கு?"ன்னு வந்து நிப்பாரு.