கொல்லங்கோடா, கொழுக்குமலையா, செங்கோட்டையா? மலையைப் படமெடுக்க எங்கே போகலாம்

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டு மாடியில் நின்றால், வானம் தெளிந்திருக்கும் நாளில் தெற்கே நெல்லியாம்பதி மலை நீலக் கோடாகத் தெரியும். சித்தி மகன் புதுக் கேமரா வாங்கிக்கொண்டு அங்கேதான் வந்து நின்றான். "அண்ணா, மூணு நாள் லீவு இருக்கு. கொல்லங்கோடு போகவா, கொழுக்குமலை போகவா, இல்ல செங்கோட்டைப் பக்கமா? ஒண்ணு சொல்லுங்க." நான் திருப்பிக் கேட்டேன்: "எந்த மாசம் போறே?"

அவன் கேட்டது இடத்தை, நான் கேட்டது மாதத்தை. ஏன் என்று அவனுக்கு விளக்கியதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். மூன்றுமே கேரள எல்லையை ஒட்டிய மலைகள்தான். ஆனால் நாம் பார்க்கும் முகம் மூன்றிலும் வேறு வேறு. கொல்லங்கோட்டு வயலில் நிற்பவர் பார்ப்பது வடக்கு நோக்கிய பாறைச்சுவர். கொழுக்குமலை உச்சியில் நிற்பவர் கிழக்கே, தமிழ்நாட்டுச் சமவெளியைக் குனிந்து பார்க்கிறார். தென்காசி, செங்கோட்டை வயல்களில் நிற்பவருக்கு மலை மேற்கே நிற்கிறது. ஒளி எந்த முகத்தில், எந்த மாதத்தில், எந்த நேரத்தில் விழுகிறது என்று தெரிந்துகொண்டால் பாதிப் படம் எடுத்த மாதிரி.

முதலில் கொல்லங்கோடு. இதைப் பற்றி நிறையச் சொல்வேன், ஏனென்றால் நான் படமெடுக்கக் கற்றுக்கொண்டதே இங்கேதான். பாலக்காட்டுக் கணவாயின் தெற்கு விளிம்பு இது. தட்டையான நெல்வயல் சட்டென்று முடிந்து, நெல்லியாம்பதி மலை செங்குத்தாக எழுகிறது. மேலே சிகரங்கள் 1,500 மீட்டரைத் தாண்டும். சீதார்குண்டு முதலான அருவிகள் மழைக்காலத்தில் அந்தச் சுவரில் வெள்ளைக் கோடுகளாக இறங்கும். வயலில் வரிசையாகக் கரும்பனைகள். முன்புறம், நடுப்புறம், பின்புறம் என்று மூன்று அடுக்கும் இங்கே தயாராகக் கிடைப்பதால், புதிதாகக் கற்பவருக்கு இதைவிட நல்ல இடம் இந்தப் பக்கத்தில் எனக்குத் தெரிந்து இல்லை.

இப்போது மாதக் கணக்கு. நம் ஊர் நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 10.6 டிகிரி வடக்கே இருக்கிறது. அதனால் ஏப்ரல் பாதியிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்குப் பக்கமாக நிற்கும். ஜூன் மாதத்தில் உதயமும் அஸ்தமனமும்கூட வடக்கே நன்றாகச் சாய்ந்திருக்கும். வடக்கு நோக்கிய கொல்லங்கோட்டுச் சுவருக்கு நேரடியாக வெளிச்சம் கிடைப்பது இந்த மாதங்களில்தான். அதே மாதங்களில்தான் மழை, அருவி, நடவு எல்லாம் சேர்ந்து வருகின்றன. மழை விட்ட ஒரு மாலையில் மேகத்துக்கு அடியில் நுழைந்து வெயில் அந்தப் பாறையில் பட்டால், பத்து நிமிஷம் மலை முழுக்கத் தேன் நிறமாகிவிடும். அந்தப் பத்து நிமிஷத்துக்காக நான் ஒரே வரப்பில் பல மாலைகள் வெறும் கையோடு திரும்பியிருக்கிறேன்.

டிசம்பரில் அதே வரப்பில் நின்றால் கதை வேறு. சூரியன் தெற்கே போய்விட்டதால் மலைச்சுவர் நாள் முழுக்கத் தன் நிழலிலேயே கிடக்கும். கணவாய்க் காற்று வேறு பனையோலைகளை ஆட்டிக்கொண்டே இருக்கும். அப்போது பாறையின் விவரங்களை எடுக்க முயல வேண்டாம். விடியலில் பனைகளைக் கறுப்பு உருவங்களாகவும், மலையை ஒரே நீல அடுக்காகவும் வைத்து எடுங்கள். அதுவும் அழகான படம்தான், ஆனால் அருவியை எதிர்பார்த்துப் போனவர் ஏமாந்து போவார்.

போனில் எடுப்பவர்கள் இங்கே வழக்கமாகச் செய்யும் தவறு ஒன்று உண்டு. மலையடிவாரம் வரை போய்விடுவார்கள். போனின் சாதாரண லென்ஸ் அகலமானது, பக்கத்தில் இருக்கும் வரப்பைப் பெரிதாக்கி மலையைப் புற்று போலச் சுருக்கிவிடும். பின்னால் வாருங்கள், ஒரு கிலோமீட்டர், முடிந்தால் இரண்டு கிலோமீட்டர். அங்கிருந்து இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஜூமில் பாருங்கள். பனைமரத்துக்கும் நமக்கும் உள்ள தூரம் கூடக் கூட அது சிறிதாகும். மலை ஏற்கெனவே தொலைவில் இருப்பதால் அதன் அளவு அவ்வளவாக மாறாது. ஜூம் போட்டதும் பனைக்குப் பின்னால் மலை எழுந்து நிற்கும். கேமரா வைத்திருப்பவருக்கு, தொலைவில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும் 70-200 லென்ஸ் இதே வேலையைச் செய்யும்.

நடவுக்கு முன் தண்ணீர் கட்டிய வயல் இன்னொரு வரம். முதல் போகத்துக்கு ஜூன் வாக்கிலும் இரண்டாம் போகத்துக்கு அக்டோபர் வாக்கிலும் வயல் கண்ணாடியாகக் கிடக்கும். நாற்று வேர் பிடித்து வளர்ந்துவிட்டால் அந்தக் கண்ணாடி போய்விடும், கொஞ்ச நாள்தான் கிடைக்கும். போலரைசர் ஃபில்டர் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். நனைந்த இலையின் பளபளப்பை அடக்கிப் பச்சையைக் காட்ட அது உதவும். ஆனால் தண்ணீரில் மலையின் பிம்பம் வேண்டுமென்றால் அதைக் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் பிம்பமும் சேர்ந்து மறைந்துவிடும். அப்புறம், ஏசி காரிலிருந்து இறங்கியதும் மழைக்கால ஈரக்காற்றில் லென்ஸ் மேல் ஆவி படியும். வெளிச்சம் வரும் நேரத்தில் லென்ஸைத் துடைத்துக்கொண்டு நிற்காமல் இருக்க, கால் மணி நேரம் முன்பே ஏசியை அணைத்து ஜன்னலை இறக்கிவிடுங்கள்.

சரி, கொழுக்குமலை. கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில்தான் ஏற வேண்டும், ஆனால் மலை இருப்பது தேனி மாவட்டத்தில். 7,000 அடிக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டம். பாதை கரடுமுரடு, கேமராப் பையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே எல்லோரும் போவது மேகக் கடலைப் பார்க்க. வடகிழக்கு மழை முடிந்து டிசம்பர், ஜனவரியில் வானம் தெளிந்த விடியல்களில், கீழே பள்ளத்தாக்கு முழுக்க மேகம் பஞ்சாகப் படுத்திருக்க, சூரியன் அதன் மேல் எழும். முதல் தடவை அதைப் பார்த்தபோது நான் படமெடுக்க மறந்து நின்றேன்.

கொல்லங்கோட்டோடு ஒப்பிட்டால் இங்கே மூன்று சிரமங்கள். ஒன்று, செலவு. அறை, ஜீப் வாடகை, இருட்டிலேயே கிளம்ப வேண்டிய அலைச்சல் எல்லாம் ஒரே ஒரு விடியலுக்காக. மூடுபனி வந்தால் அன்றைய நாள் அவ்வளவுதான். கொல்லங்கோட்டில் அப்படியில்லை, பைக்கில் போய்விட்டு மறுநாளும் போகலாம். இரண்டு, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காற்றும் மூடுபனியும் உச்சியை மூடியே வைத்திருக்கும் நாட்கள்தான் அதிகம், அந்த மாதங்களில் நான் யாரையும் அங்கே அனுப்புவதில்லை. மூன்று, ஒளி நேர் எதிரே. சூரியனைப் பார்த்து எடுக்கும்போது வானத்துக்கு ஏற்றபடி வைத்தால் தேயிலை கரியாகும், தேயிலைக்கு ஏற்றபடி வைத்தால் வானம் வெளுத்துவிடும். ஒரே காட்சியை வெளிச்சம் குறைத்து ஒன்று, நடுவாக ஒன்று, கூட்டி ஒன்று என்று மூன்றாக எடுத்து பிறகு சேர்ப்பது நல்ல வழி. அதற்கு முக்காலி வேண்டும். போனில் என்றால் சூரியனுக்குப் பக்கத்து வானத்தில் விரலை அழுத்தி வெளிச்சத்தைப் பூட்டிவிட்டு, கீழே இருப்பது இருட்டாகவே போகட்டும் என்று விட்டுவிடுங்கள்.

ஆனால் கொழுக்குமலையில் நான் எடுத்ததில் எனக்குப் பிடித்த படம் உதயத்தில் இல்லை. சூரியன் மேலே வந்து பத்து நிமிஷம் ஆனதும் திரும்பி நின்றேன். எல்லோரும் கிழக்கே பார்த்துக்கொண்டிருக்க, முதுகுக்குப் பின்னால் மீசப்புலிமலைப் பக்கத்துச் சரிவுகளில் புல் முனைவரை பொன்னாக எரிந்துகொண்டிருந்தது. முன்னொளி, தெளிந்த நிழல், ஒரு மனிதர்கூட படச்சட்டத்துக்குள் இல்லை. அங்கே போகிறவர்கள் தயவுசெய்து ஒரு தடவையாவது திரும்பிப் பாருங்கள்.

அதே மலைத்தொடரில் டாப் ஸ்டேஷனும் கிழக்கே பார்ப்பதுதான். 1924 வெள்ளத்தில் அழிவதற்கு முன் மூணாற்றிலிருந்து சின்ன ரயில் அங்கே வரை ஓடியது, அங்கிருந்து கம்பிவடத்தில் தேயிலைப் பெட்டிகள் கொட்டகுடிக்கு இறங்கின. ஜீப் வேண்டாம் என்பவர்களுக்கு கொழுக்குமலைக்கு மாற்றாக அது போதும். நீலக்குறிஞ்சிக்காக மூணாறு போக நினைப்பவர்கள் 2030 வரை பொறுக்க வேண்டும், 12 ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது கடைசியாகப் பெரிய அளவில் பூத்தது 2018இல். ஜூலையில் தெரியாமல் மூணாறு போய் மழையில் சிக்கிக்கொண்டால் சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி மறையூருக்கு இறங்கிவிடுங்கள். மழை மறைவுப் பகுதி அது. கரும்பு வயல், வெல்லம் காய்ச்சும் ஆலைப் புகை, பாறை மேல் முனியறைகள் எனப்படும் பழங்காலக் கற்கூடங்கள் என்று அங்கே பெரும்பாலும் வெயில் இருக்கும்.

மூன்றாவது, செங்கோட்டைப் பக்கம். ஜூலை, ஆகஸ்டில் தென்காசி அருகே சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூக்கும். கேரளத்திலிருந்து கார் காராக மக்கள் வந்து இறங்குவார்கள். ஆனால் பெரும்பாலோர் மதியம் வந்து, பூவின் முதுகைப் படமெடுத்துவிட்டுப் போகிறார்கள். சூரியகாந்தி இளசாக இருக்கும்போதுதான் சூரியனோடு திரும்பும். முழுதாக மலர்ந்த பூ கிழக்கே பார்த்தபடி நின்றுவிடும். மலை இருப்பது மேற்கே. எனவே வயலுக்குக் கிழக்குப் பக்கம் போய், மேற்கே பார்த்து நில்லுங்கள். காலை வெயில் உங்கள் முதுகில், பூக்கள் உங்கள் முகத்தைப் பார்த்து, அவற்றுக்குப் பின்னால் குற்றால மலை. மூன்றும் ஒரே நேர்கோட்டில் வரும் இப்படியொரு அமைப்பு கொல்லங்கோட்டிலும் இல்லை, கொழுக்குமலையிலும் இல்லை.

நேரம்தான் குறைவு. சூரியன் எழுந்ததிலிருந்து எட்டு, எட்டரை வரை. பிறகு வெயில் தலைக்கு மேல் ஏறிவிடும், சாரல் மேகங்களும் மலையுச்சியை மூடத் தொடங்கும். கணவாய் வழியாக வரும் காற்று பூக்களை ஆட்டும் என்பதால் ஷட்டர் வேகத்தை 1/500 நொடிக்குக் கீழே இறக்க வேண்டாம்.

வயலை முடித்துவிட்டு ஆரியங்காவு வழியாகக் கேரளத்துக்குள் இறங்கினால், கொஞ்ச தூரத்தில் காடும் ஈரமும் வந்துவிடும். கழுத்துருட்டி அருகே பதிமூன்று கண் ரயில் பாலம் சாலையிலிருந்தே தெரியும். கொல்லம், செங்கோட்டை மீட்டர்கேஜ் பாதை 1904இல் திறந்தது, 2010இல் நிறுத்தப்பட்டு 2018இல் அகலப்பாதையாகத் திரும்பி வந்தது. கல் வளைவுகளுக்கு மேகமூட்டமான வானம்தான் பொருத்தம். வெயில் நாளில் வளைவுக்குள் கன்னங்கரேலென்று நிழல் விழுந்து கல்லின் சொரசொரப்பு போய்விடும். ஆக, காலை வெயில் வயலுக்கு, மழை மேகம் பாலத்துக்கு. வானம் எப்படி இருந்தாலும் ஒரு படமாவது கையில் வரும் என்பது செங்கோட்டைப் பக்கத்தின் பலம்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கொல்லங்கோட்டில் ஒரு பெரியவர் என்னிடம், "தம்பி, எவ்வளவு நேரம் வேணும்னாலும் வரப்புல நில்லுங்க. நாத்துல மட்டும் கால் வைக்காதீங்க" என்றார். அன்றிலிருந்து வயலில் யாராவது இருந்தால் கேட்டுவிட்டுத்தான் நிற்கிறேன். சூரியகாந்தி வயலில் செல்ஃபிக்காக உள்ளே நுழைந்து செடிகளைச் சாய்த்துவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. அது ஒரு குடும்பத்தின் விளைச்சல். உரிமையாளர் சின்னத் தொகை கேட்டால் கொடுங்கள். காட்டு ஓரங்களில் அனுமதியில்லாமல் ட்ரோனை எடுக்காதீர்கள்.

தம்பி கடைசியில் ஆடி மாதம் என்று முடிவு செய்தான். அப்படியென்றால் கொழுக்குமலையை தை மாதத்துக்குத் தள்ளி வைக்கச் சொன்னேன். மூணு நாளில் முதல் இரண்டு மாலை கொல்லங்கோடு. இரண்டாம் நாள் காலை மழையில்லையென்றால் கேமராவை வீட்டில் வைத்துவிட்டு வரப்பில் சும்மா நடந்து, மின்கம்பி குறுக்கே வராத இரண்டு மூன்று இடங்களைக் குறித்து வைக்க வேண்டும். செங்கோட்டைக்குத் தனியாக ஒரு வாரக் கடைசி, பாலக்காட்டிலிருந்தே பாலருவி எக்ஸ்பிரஸ் இருக்கிறது. "வயல்ல தண்ணி நிக்குதான்னு எப்படிண்ணா தெரியும்?" என்று கேட்டான். கிளம்புவதற்கு முந்தைய நாள் நானே பைக்கில் போய்ப் பார்த்துவிட்டு போன் செய்வதாகச் சொல்லியிருக்கிறேன்.