சவர்டோ ரொட்டியை எதில் வைப்பது: டப்பாவா, ஃப்ரீசரா, ஓலைப்பெட்டியா?

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் சனிக்கிழமைதோறும் சவர்டோ ரொட்டி, அதாவது கடை ஈஸ்ட் போடாமல் புளித்த மாவைக் கொண்டே பொங்கவைக்கும் ரொட்டி, சுடுகிறேன். ஓவனிலிருந்து எடுத்த சூட்டில் தட்டினால் சிரட்டையைத் தட்டியது போலச் சத்தம் வரும். மறுநாள் காலையில் கத்தி வைத்தால் மேலோடு தோல் மாதிரி இழுக்கும். தென்காசியிலிருந்து வந்த அக்கா ஒரு துண்டைக் கடித்துவிட்டு, "ஏட்டி, இது நமத்துல்லா போச்சு. முறுக்கு டின்னுல போட்டு இறுக்கி மூடிவை" என்றாள். அப்படியே செய்தேன். இன்னும் மோசமாகிவிட்டது.

முறுக்கு எண்ணெயில் வெந்து முழுக்கக் காய்ந்த பண்டம். அதற்கு ஈரம் வெளிக்காற்றிலிருந்து வரும். டின் அதைத் தடுக்கும். ரொட்டிக்கு ஈரம் உள்ளேயிருந்து வருகிறது. 500 கிராம் மாவுக்கு நான் 350 கிராம் தண்ணீர் ஊற்றுகிறேன். அதில் பெரும்பங்கு வெந்த பிறகும் நடுவில்தான் இருக்கும். காய்ந்த மேலோட்டுக்கு அது மெல்ல மெல்ல நகர்ந்து வரும். இறுக்கி மூடினால் வந்த ஈரம் போக வழியில்லாமல் ஓட்டிலேயே தங்கிவிடும். எவர்சில்வர் டப்பா, பிளாஸ்டிக் கவர் இரண்டுக்கும் இதே கதைதான். நடுப்பகுதி மெத்தென்று இருந்தால் போதும் என்பவர்களுக்குக் கவர் நல்லது.

ஃப்ரிட்ஜ் வேண்டவே வேண்டாம். அந்தக் குளிரில்தான் ரொட்டியின் மாவுச்சத்து சீக்கிரம் இறுகும்.

நான் இப்போது வைப்பது ஓலைப்பெட்டியில். கருப்பட்டி வாங்கிவந்த பழைய பனையோலைப் பெட்டிதான். ரொட்டியை நறுக்கிய முகம் கீழே இருக்கும்படி மரப்பலகையில் கவிழ்த்து, மேலே வேட்டித் துணி போட்டு, பலகையோடு பெட்டிக்குள் வைக்கிறேன். பின்னலின் இடைவெளியில் ஈரம் வெளியேறும். எறும்பும் ஈயும் நேராக மொய்க்காது. நறுக்கிய முகம் பலகையில் படிந்திருப்பதால் நடுப்பகுதி சீக்கிரம் வறளாது. ஆனி, ஆடியில் இங்கே அடிக்கும் காய்ந்த காற்றுக்கு ஒரு நாள் முழுக்க ஓடு மொறுமொறுவென்று நிற்கிறது. இரண்டாம் நாள் கொஞ்சம் தளரும். 200 டிகிரி ஓவனில் எட்டுப் பத்து நிமிஷம் வைத்தால் திரும்பிவிடும். மூன்றாம் நாள் ரொட்டி கட்டியாகிவிடுகிறது, அதை மறைக்க முடியாது.

அதே ஆடியில் தென்காசியில் சாரல். அங்கே ஓலைப்பெட்டி எடுபடுமா என்றால், அக்கா வீட்டில் ஒரே ஒரு முறைதான் வைத்துப் பார்த்தேன், சாயங்காலத்துக்குள் நமத்துவிட்டது. எங்கள் ஊரிலும் ஐப்பசி அடைமழையில் பூசணம் பயமுறுத்தும்.

அந்த நாள்களுக்கு ஃப்ரீசர். முழுக்க ஆறிய ரொட்டியைத் துண்டு போட்டு, காற்றுப் புகாமல் கட்டி வைத்துவிடலாம். உறைந்த துண்டை அப்படியே காய்ந்த தோசைக்கல்லில் போட்டு வாட்டினால் நறுக்கிய முகம் முறுகும், ஓரத்து ஓடு அவ்வளவாக முறுகாது. அதனால் பாதி ரொட்டியாகவே உறைய வைத்து, வெளியே வைத்து இளகவிட்டு ஓவனில் சூடாக்குவதே எனக்குப் பிடிக்கிறது.

எதில் வைத்தாலும், சுடும்போதே ஓட்டைக் காயவிடுவது முக்கியம். நான் மூடிபோட்ட பாத்திரத்தில் சுடுவதால், கடைசி இருபது நிமிஷம் மூடியைத் திறந்து சுட்டு, ஓவனை அணைத்து, கதவை லேசாகத் திறந்து பத்து நிமிஷம் உள்ளேயே விடுகிறேன். பிறகு கம்பித் தட்டில் இரண்டு மணி நேரம். சூடு அடங்காத ரொட்டியைப் பெட்டியில் வைத்தால் ஓலையும் வேர்த்துவிடும்.