அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் கையில் வராமல் பல்கலைக்கழகத்தில் பகுதிநேர வகுப்புக்குப் போகாதீர்கள்: எனக்குப் போனது ₹83,500

இன்று மதியம் மூன்று மணிக்கு ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் கணக்குப் பிரிவில் நின்றுகொண்டிருந்தேன். கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கம்ப்யூட்டரில் என் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "மேடம், உங்க பேர்ல ஃபைலே இல்லையே" என்றார். ஒரு செமஸ்டர் முழுக்கப் பாடம் நடத்தியிருக்கிறேன். பன்னிரண்டு பிள்ளைகளுக்கு இன்டர்னல் மார்க் போட்டிருக்கிறேன். ஃபைலே இல்லையாம். வீட்டுக்கு வந்து முகம்கூடக் கழுவவில்லை, உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அவர்கள் எனக்குத் தர வேண்டியது ₹83,500. எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) முடித்து, கல்லூரி ஆசிரியருக்கான நெட் தகுதித் தேர்வு பாஸ் செய்து, எங்காவது பகுதிநேரமாகப் பாடம் எடுக்கலாம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள். எதிலெல்லாம் கவனமாக இருக்க வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் பதினோரு வருஷமாகக் குழந்தைகள் பாதுகாப்பில் வேலை செய்கிறேன், ஒரு தொண்டு நிறுவனத்தில். சமூகப்பணிப் பாடத்தில் நெட் எழுதித் தேறி ஆறு வருஷம் ஆகிறது. எப்போதாவது வகுப்பறையில் நிற்க வேண்டும் என்ற ஆசை அப்படியே இருந்தது. போன ஜூன் மாதம் என் காலேஜ் சீனியர் அக்கா ஒருவர் போன் செய்தார். அவர் இப்போது அந்தப் பல்கலைக்கழகத்தில் துறைத் தலைவர். "எங்க கிட்ட இருக்கிறவங்க எல்லாம் புத்தகம் படிச்சவங்க. உன்ன மாதிரி ஃபீல்டுல நின்னவ வந்தாதான் பிள்ளைங்களுக்குக் கேஸ் ஒர்க்னா என்னன்னு புரியும்" என்றார். பதினோரு வருஷத்தில் என் வேலையைப் பற்றி யாரும் அப்படிச் சொன்னதில்லை. அந்த ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டேன்.

அக்காவின் அறையில்தான் பேச்சு நடந்தது. டீ வந்தது. ஒரு பீரியடுக்கு ₹600, களப்பணி மேற்பார்வைக்கு ஒரு விசிட்டுக்கு ₹800, கிராம முகாமுக்கு நாளொன்றுக்கு ₹1,000. பல்கலைக்கழக மானியக் குழு 2019-லேயே கெளரவ விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு ₹1,500, மாதத்துக்கு ₹50,000 வரை என்று சொல்லிவிட்டது. அது தெரிந்தேதான் அறுநூறுக்குத் தலையாட்டினேன். பணத்துக்காகப் போகவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கிளம்பும்போது, "அக்கா, அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்?" என்று ஒரே ஒரு தடவை கேட்டேன். அவர் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். "டைப் ஆயிட்டிருக்குடா. நீ புதன்கிழமை கிளாஸை ஆரம்பிச்சிரு. நம்ம பொண்ணு நீ, உன்ன விட்டுருவனா?"

அந்தத் தோளில் வைத்த கையை நினைத்தால் இப்போது உடம்பெல்லாம் எரிகிறது.

ஜூலை முழுக்க நன்றாகப் போனது. புதன் மதியம் இரண்டு பீரியட், சனிக்கிழமை நான்கு. புதன்கிழமைக்கு என் ஆபீசில் அரை நாள் சம்பளத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். ஆகஸ்ட் முதல் வாரமே ஜூலைப் பணம் வந்துவிட்டது. 24 பீரியடுக்கு ₹14,400. பத்து சதவீதம் வரி பிடித்தது போக ₹12,960. அந்தப் பணம் வந்ததுதான் என் கண்ணைக் கட்டியது. அதன் பிறகு ஆர்டரைப் பற்றி நான் கேட்கவே இல்லை. (பிடித்த ₹1,440 வரியை என் பான் எண்ணில் கட்டவே இல்லை என்பது போன வாரம் நம் பெயரில் கட்டிய வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தை எடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அந்தத் தொகையை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.)

ஆகஸ்டிலிருந்து களப்பணி. இந்தப் படிப்பு தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: இந்தியாவில் சமூகப்பணிப் படிப்பு 1936-ல் மும்பையில் தொடங்கியது, சென்னையில் 1952-ல். எங்கே படித்தாலும் களப்பணி இல்லாமல் இந்தப் படிப்பு இல்லை. வாரத்தில் இரண்டு நாள் பிள்ளைகள் வெளியே ஒரு நிறுவனத்தில் நிற்க வேண்டும். என் பன்னிரண்டு பேரும் ஐந்து இடங்களில் இருந்தார்கள்: போதை மறுவாழ்வு மையம், முதியோர் இல்லம், குழந்தைகள் இல்லம், அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு, ஒரு ஊராட்சி. மேற்பார்வையாளர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும், அவர்கள் எழுதும் ரிப்போர்ட்டை வரி வரியாகப் படித்துத் திருத்த வேண்டும், ஒவ்வொருவரோடும் தனியாக உட்கார்ந்து பேச வேண்டும். நான் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போவேன். மொத்தம் முப்பது விசிட்.

செப்டம்பரில் ஒரு நாள் மறுவாழ்வு மையத்தில் களப்பணியில் இருந்த என் மாணவி அழுதுகொண்டே போன் செய்தாள். அங்கே சிகிச்சையில் இருந்து, அவளிடம் ஒரு மாதமாகப் பேசிக்கொண்டிருந்தவர் வெளியே போன மூன்றாம் நாளே குடித்துவிட்டுத் திரும்பி வந்து, எல்லோர் முன்னாலும் அவளைக் கண்டபடி திட்டியிருக்கிறார். "எனக்கு இந்தப் படிப்பே வேண்டாம் மேடம்" என்றாள். அந்த மையத்துக்கு எதிரே இருந்த பெட்டிக்கடை பெஞ்சில் இரண்டு மணி நேரம் அவளோடு உட்கார்ந்திருந்தேன். மறுபடி குடிப்பது அந்த நோயிலேயே உள்ள ஒரு கட்டம், அவள் தோற்றதற்கு அடையாளம் இல்லை என்பதை அவள் வாயாலேயே சொல்லும்வரை விடவில்லை. அடுத்த வாரம் அவளாகவே திரும்பப் போனாள். டிசம்பரில் கணக்குப் பிரிவில் என் பில்லைப் பார்த்துவிட்டு ஒருவர் கேட்டார்: "ஃபீல்டு ஒர்க்குன்னா என்ன மேடம், பசங்கள வெளிய அனுப்பிடுறதுதான? அதுக்கெல்லாம் எப்படிப் பீரியட் கணக்கு போடுறது?" அந்த இரண்டு மணி நேரம் அவர்கள் கணக்கில் கிடையாது.

அக்டோபரில் ஒரு ஆய்வுக் குழு வந்தது. முதல் நாள் இரவு அக்கா போன் செய்து, "நாளைக்குப் பட்டுப்புடவை கட்டிட்டு ஒன்பது மணிக்கே வந்துரு, லீவு போட்டுக்க" என்றார். போனேன். நிரந்தர ஆசிரியர்களின் வருகைப் பதிவேட்டை நீட்டினார்கள். கையெழுத்துப் போட்டேன். கேள்வி கேட்கவில்லை. இது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பிற்பாடு அவர்களின் இணையதளத்தில் துறைப் பக்கத்தைத் திறந்தால் என் போட்டோ இருக்கிறது, கீழே 'உதவிப் பேராசிரியர், முழுநேரம்' என்று. ஃபைலே இல்லாத ஆளின் போட்டோ அங்கே எப்படி வந்தது?

நவம்பர் தொடக்கத்தில் கொல்லிமலை அடிவாரத்தில் ஏழு நாள் கிராம முகாம். அட்வான்ஸ் பணம் பாஸ் ஆகவில்லை, "நீ கையிலிருந்து போடு, பில்லைக் கொடுத்தா ஒரே வாரத்துல வந்துரும்" என்றார் அக்கா. பந்தல், பாத்திர வாடகை, மளிகை எல்லாம் சேர்த்து ₹9,300 போட்டேன். அந்த முகாமைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. ஊர்ப் பெண்கள் கோலமாவால் தெருவிலேயே ஊர் வரைபடம் போட்டார்கள். எந்த வீட்டுக்குத் தண்ணீர் வருகிறது, எதற்கு வரவில்லை என்று அவர்களே புள்ளி வைத்துக் காட்டினார்கள். என் பிள்ளைகள் அந்தப் படத்தைத் தாளில் எடுத்து ஊராட்சித் தலைவரிடம் கொடுத்தார்கள்.

பணம் மட்டும் வரவில்லை. ஆகஸ்ட் பில்லுக்கு, "பாஸ் ஆகலடா". செப்டம்பரில், "செமஸ்டர் முடிஞ்சு மொத்தமா வாங்கிக்கயேன், எதுக்கு மாசாமாசம்?" நவம்பர் கடைசியில் மூன்று படிவம் நிரப்பி, ஒரிஜினல் ரசீதுகளோடு கொடுத்தேன். "ரிஜிஸ்ட்ரார் லீவு." பத்து நாள் கழித்து, "ஆடிட் நடக்குது." நடுவில் இன்டர்னல் மார்க்கை ஏற்ற வேண்டிய கடைசி நாள் வந்தது. பணம் வராமல் போட மாட்டேன் என்றேன். "உன் கோபத்துக்குப் பிள்ளைங்க மார்க் நிக்கணுமா? நீ சோஷியல் ஒர்க்கர் தானடா?" என்றார். அன்று இரவே உட்கார்ந்து பன்னிரண்டு பேருக்கும் போட்டுக் கொடுத்தேன். அதோடு என் கையில் அவர்களுக்கு வேண்டியது எதுவும் மிச்சமில்லை. அடுத்த நாளிலிருந்து அக்கா என் போனை எடுப்பதில்லை. மெசேஜ் போட்டால் நீல டிக் விழும், பதில் வராது. கிறிஸ்துமஸ் சமயத்தில் ஒரே ஒரு பதில் வந்தது: "புரிஞ்சுக்கோடா, மேனேஜ்மென்ட் டிசிஷன், என் கையில இல்ல."

ஜனவரியில் மட்டும் மூன்று தடவை போய்விட்டேன். முதல் தடவை களப்பணிக்குக் கணக்கு கிடையாது என்றார்கள். இரண்டாம் தடவை பகுதிநேர ஆசிரியர் பதிவேடு காணவில்லை. இன்று ஃபைலே இல்லை. பக்கத்து சீட்டில் இருந்தவர் கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "நீங்க சேவையா வந்து எடுத்ததாதான் மேல பேசிக்கிறாங்க மேடம்" என்றார். சேவையாம். அப்படியென்றால் ஜூலையில் எதற்குப் பணம் போட்டார்கள்?

கணக்கு இதுதான், யார் வேண்டுமானாலும் கூட்டிப் பார்க்கலாம். ஆகஸ்டிலிருந்து 72 பீரியட், ₹43,200. முப்பது விசிட், ₹24,000. முகாம் ஏழு நாள், ₹7,000. என் கையிலிருந்து போட்டது ₹9,300. ஆக ₹83,500. என் மகளின் அடுத்த வருஷப் பள்ளிக் கட்டணத்துக்கு இந்தப் பணத்தைத்தான் நம்பியிருந்தேன்.

தொழிலாளர் அலுவலகத்துக்குப் போகலாமே என்று கேட்பீர்கள். தெரிந்த வக்கீலிடம் கேட்டேன். அன்றைய தொழில் தகராறு சட்டத்தின்படி ஆசிரியர் 'தொழிலாளி' இல்லை என்று 1988-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதாம், அதனால் அந்த வழி எனக்குக் கிடையாது. சிவில் கோர்ட்டில் மூன்று வருஷத்துக்குள் வழக்குப் போடலாம். முதலில் நோட்டீஸ் அனுப்பச் சொன்னார், நாளை அனுப்புகிறேன். மானியக் குழுவின் குறைதீர் தளத்திலும் புகார் போட்டுவிட்டேன். போட்டோ இருக்கும் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன், இனி அவர்கள் தூக்கினாலும் பரவாயில்லை.

எச்சரிக்கைகள் என்று நிறைய எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது. ஆர்டர் கையில் வராமல் ஒரு பீரியட்கூட எடுக்காதீர்கள், கூப்பிடுவது கூடப் பிறந்த அக்காவாக இருந்தாலும். களப்பணி மேற்பார்வைக்கு எவ்வளவு என்பதை அந்த ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள், 'பீரியட்' என்று மட்டும் இருந்தால் ஏமாற்றிவிடுவார்கள். கையெழுத்துப் போட்ட பதிவேட்டை அன்றன்றே போனில் படம் எடுங்கள். ஒரிஜினல் ரசீதை ஜெராக்ஸ் எடுக்காமல் கொடுக்காதீர்கள், நான் கொடுத்துவிட்டேன். முகாமுக்குக் கைக்காசு போடவே போடாதீர்கள். ஒரு மாதப் பணம் நின்றால் அடுத்த மாதம் போகாதீர்கள்.

இன்னொன்று, இதற்காகத்தான் இன்றே எழுதுகிறேன். அந்த மறுவாழ்வு மையத்துப் பெண் சாயங்காலம் மெசேஜ் போட்டிருக்கிறாள். என் இடத்துக்குப் புதிதாக ஒரு மேடம் வருகிறாராம், நேற்று துறையில் அறிமுகம் செய்து வைத்தார்களாம். திங்கட்கிழமை முதல் வகுப்பு. "ஆர்டர் டைப் ஆயிட்டிருக்கு" என்று அக்கா அவரிடம் சொன்னதை இவளே காதால் கேட்டாளாம். அந்த மேடம் யாரென்று எனக்குத் தெரியாது. நீங்கள் இதைப் படிக்க நேர்ந்தால், திங்கட்கிழமை வகுப்புக்குள் நுழைவதற்கு முன்னால் எனக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். எத்தனை மணியானாலும் எடுத்துப் பேசுகிறேன்.