ஓப்பினெல் 8: ஓலை வாரும் கையில் ஒன்றரை வருடம்

காரைக்குடிப் பக்கம் கொட்டான் என்னும் பனையோலைக் கூடை பின்னுவது என் தொழில். பனங்குருத்தைக் காயவைத்துச் சாயம் தோய்த்து, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்தில் வார வேண்டும். கத்தி சரியில்லை என்றால் கொட்டானின் விளிம்பே சொல்லிவிடும். ஒன்றரை வருடமாக என் கையில் இருப்பது ஓப்பினெல் எண் 8 மடக்குக் கத்தி. இதன் அருமை தெரிய, முன்னால் வைத்திருந்த கத்தியின் கதையைச் சொல்ல வேண்டும்.

அது ஆன்லைனில் 650 ரூபாய்க்கு வாங்கிய, திறந்த அலகை உள்ளிருக்கும் ஒரு தகடு பூட்டிப் பிடிக்கும் ‘லைனர் லாக்’ மடக்குக் கத்தி. அலகில் ஒரு குமிழ் இருக்கும். கட்டைவிரலால் தள்ளினால் ஒற்றைக் கையில் திறந்துவிடும். இடது கையில் எப்போதும் ஓலைக்கட்டு இருப்பதால் அது பெரிய வசதியாகப்பட்டது. நாளாக ஆக, தள்ளுவதை விட்டுவிட்டு மணிக்கட்டை உதறி ‘டக்’கென்று திறக்கப் பழகிவிட்டேன். வேலை இல்லாதபோதும் திறப்பதும் மூடுவதும்தான். பக்கத்தில் உட்கார்ந்து பின்னும் அத்தை, “எதுக்குத்தா அதைப் போட்டு இந்த அடி அடிக்கிற?” என்று கேட்டுக்கொண்டே இருப்பார்.

எட்டாவது மாதம், அலகு ஓலைக்கட்டில் சிக்கிக்கொண்டது. உருவ அசைத்தபோது முதுகுப்பக்கம் அழுத்தம் விழுந்து, லாக் நழுவி, அலகு ஆள்காட்டி விரலின் மேல் மடங்கியது. மூன்று தையல். வைகாசி மாதம், சீர்க் கொட்டான் ஆர்டர் குவிந்திருந்த நேரம்.

காயம் ஆறியதும் கத்தியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். லைனர் லாக் என்பது கைப்பிடிக்குள் ஒரு பக்கமாக வளைந்து நிற்கும் மெல்லிய தகடு. அலகு முழுதாகத் திறந்ததும் தகடு நகர்ந்துவந்து அலகின் அடிப்பகுதிக்கு முட்டுக்கொடுக்கும். அலகின் எஃகைவிடத் தகடு மென்மையானது. அதனால் தேய்வது பெரும்பாலும் தகடுதான். உதறித் திறக்கும்போது அலகு உள்ளே இருக்கும் முளையில் மோதி நிற்கிறது. தகடும் ஓங்கி அறைகிறது. முனை தேயத் தேய, அடுத்த பக்கத்தை நோக்கித் தகடு இன்னும் நகர்ந்து ஈடுகட்டும். எதிர்ச் சுவரைத் தொட்டுவிட்டால் நகர இடம் கிடையாது, அப்புறம் அலகு மேலும் கீழும் ஆடும். என் கத்தியில் தகடு எதிர்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றது. ஆட்டத்தை நான் ஒரு மாதமாகவே உணர்ந்திருந்தேன், பொருட்படுத்தவில்லை.

உங்களிடம் லைனர் லாக் இருந்தால், தகடு முட்டும் இடத்தில் மார்க்கர் மையைத் தடவிவிட்டு மெதுவாகச் சில முறை திறந்து மூடுங்கள். மை அழிந்த இடம்தான் உண்மையில் பிடிக்கும் இடம். அது ஓர் ஓரத்தில் நூலளவு மட்டும் இருந்தால் அந்தக் கத்தியை நம்பி அழுத்தாதீர்கள்.

சரி, ஓப்பினெல்லுக்கு வருகிறேன். பிரான்சின் சவோயா மலைப்பகுதியில் 1890இல் ஜோசப் ஓப்பினெல் வடிவமைத்த கத்தி இது. பீச் மரக் கைப்பிடி, 8.5 செ.மீ. அலகு. பூட்டு பிறகு வந்தது: 1955இல் சேர்த்த ஒரு வளையம். அலகைத் திறந்து வளையத்தைத் திருகினால், அலகு மடங்கும் வழியை அது அடைத்துவிடும். 2000 முதல் மூடிய நிலையிலும் பூட்டலாம். மடியில் போட்டுக்கொண்டு எழுந்திருக்கும் எனக்கு இது பெரிய நிம்மதி. வளையத்தின் விளிம்பு சாய்வாக இருப்பதால் கொஞ்சம் தேய்ந்தாலும் இன்னும் சற்றுத் திருகினால் இறுகிவிடும். பலம் கொண்ட மட்டும் திருகக் கூடாது, திரும்பக் கழற்ற முடியாமல் போகும்.

இதை உதறித் திறக்க வழியே இல்லை. நகக்குழியில் நகத்தை வைத்து, இரண்டு கையால் திறக்க வேண்டும். முதல் வாரம் எரிச்சலாக இருந்தது. அப்புறம் ஒன்று புரிந்தது: காலையில் ஒருமுறை திறந்து பூட்டினால் மதியம்வரை மூட வேண்டிய அவசியமே எனக்கு இல்லை.

ஓலையை நனைத்துத்தான் வேலை செய்கிறோம், கை எப்போதும் ஈரம். கார்பன் எஃகு துருப்பிடிக்கும் என்பதால் துருப்பிடிக்காத எஃகு அலகையே கேட்டு வாங்கினேன். மரம் ஈரத்தில் ஊதி அலகை இறுக்கிக்கொள்வது இந்த வகைக் கைப்பிடியின் இயல்பு. அதற்குச் சவோயாக்காரர்களின் வழி எளிது: வளையத்தைத் திறந்துவிட்டு, கைப்பிடியின் அடியை எதிலாவது தட்டினால் அலகின் நுனி வெளியே எட்டிப்பார்க்கும். ஐப்பசி மழையில் நானும் அப்படித்தான் செய்கிறேன். தரையில் தட்டாதீர்கள், ஆத்தங்குடி ஓடு விரிசல் விட்டால் மனசு தாங்காது. நான் மரப்பலகையில் தட்டுகிறேன்.

வாங்கும்போது எண்ணைப் பாருங்கள். 2 முதல் 5 வரையிலான சின்னக் கத்திகளுக்குப் பூட்டு வளையம் கிடையாது. ஒற்றைக் கையால் அடிக்கடி திறக்க வேண்டிய வேலை உங்களுடையது என்றால் இந்தக் கத்தி உங்களுக்குச் சரிப்படாது. நல்ல லைனர் லாக்கே வாங்கி, கட்டைவிரலால் மெதுவாகத் தள்ளித் திறங்கள்.

போன தையில் அத்தைக்கும் ஒன்று வாங்கிக்கொடுத்தேன். அவர் கை சிறியது, அதனால் எண் 6. ஈர்க்கு நீக்க அந்த 7 செ.மீ. அலகே போதும் என்கிறார். நகம் வெட்டிய அன்று மட்டும் என் பக்கம் நீட்டுவார்: “இதைக் கொஞ்சம் தொறந்து குடுத்தா.”