மறுமணத்துக்குப் பின் உயில்: திருத்தமா, புதிதா?

விவாகரத்து ஆனதும் முன்னாள் துணைக்கு எழுதிய பங்கு தானே நீங்கிவிடும் என்று பலர் நம்புகிறார்கள்; இந்தியச் சட்டத்தில் அப்படியோர் ஏற்பாடு இல்லை. 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, கிறிஸ்தவர்களின் மறுமணம் அவர்களுடைய பழைய உயிலை ரத்தாக்கிவிடும் என்பதால் அவர்கள் புதிதாக எழுதுவதே நேர்வழி. இந்துக்களின் உயிலோ பொதுவாக அப்படியே நிற்கும்; ஆகவே திருத்த உயிலா (பழைய உயிலை வைத்துக்கொண்டே அதில் சிலவற்றை மட்டும் மாற்றும் இணைப்பு ஆவணம்), புதிய உயிலா என்ற குழப்பம் அவர்களுக்குத்தான்.

செலவு: இரண்டுக்கும் முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை; திருத்தத்துக்கு எழுத்துக்கூலி சற்றுக் குறையலாம்.

எளிமை: திருத்தம் சிறியதுதான், ஆனால் அதற்கும் புதிய உயிலைப் போலவே இரண்டு சாட்சிகள் சான்றொப்பமிட வேண்டும்.

உறுதி: திருத்தத்தைப் பழைய உயிலோடு சேர்த்தே படிக்க வேண்டியிருப்பதால், முன்னாள் துணையின் பெயர் தாளில் தொடரும், திருத்தம் மட்டும் தொலைந்தால் பழைய பங்கே பேசும், முதல் மணத்துப் பிள்ளைகளுக்கும் புதுத் துணைக்கும் இடையே வழக்குக்கும் இடமுண்டாகும். புதிய உயிலில் "முந்தைய உயில்கள் அனைத்தையும் ரத்து செய்கிறேன்" என்று எழுதிவிட்டால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் எழாது.

உயிலை நிறைவேற்றுபவரை மட்டும் மாற்றுவோருக்குத் திருத்தம் போதும். பங்குகளே மாறுமானால் புதிய உயிலைத்தான் பரிந்துரைப்பேன்.