பனிக்காலத்தில் புல்லட்டைத் தூங்க வைப்பது: ஊட்டியில் பதினொரு வருஷ அனுபவம்

லவ்டேல் பக்கம் எங்கள் வீட்டுத் தகர ஷெட்டின் சுவரில் கரிக்கட்டையால் எழுதிய ஒரு கணக்கு இருக்கிறது. இடப்பக்கம் வருஷம், வலப்பக்கம் ஒரு எண். பனிக்காலம் முடிந்து மார்ச்சில் கோவையிலிருந்து திரும்பி வந்ததும் வண்டி எத்தனையாவது உதையில் ஸ்டார்ட் ஆனது என்பதுதான் அந்த எண். 2015க்கு நேராக 43 என்று இருக்கும். அன்றைக்கு வலது முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டு படுத்தவன் மூன்று நாள் நொண்டிக்கொண்டுதான் நடந்தேன்.

வண்டி, ராயல் என்ஃபீல்டு ஸ்டாண்டர்ட் 350. 1995 மாடல், டிஎன் 43 பதிவு. வார்ப்பிரும்பு இன்ஜின், வலக்காலில் கியர், பிளக்கில் பொறி விழவைக்கப் பழைய பாயிண்ட் செட், ஸ்டார்ட் பண்ணக் கிக்கர் மட்டும். அப்பா வாங்கியது. மனைவிக்கு வீசிங் இருப்பதால் டிசம்பர் நடுவில் மகள் வீட்டுக்கு இறங்கிவிட்டு மார்ச் பிறக்கும்போதுதான் மேலே வருவோம். பத்துப் பதினோரு வாரம் வண்டி ஷெட்டில் தனியாக நிற்கும்.

முதல் வருஷம் நான் பயந்தது குளிருக்கு. தப்புக் கணக்கு. உறைபனியால் இரும்புக்கு ஒன்றும் ஆவதில்லை. ஊட்டியில் நவம்பரில் நீர்ப்பனி ஆரம்பித்து, டிசம்பர், ஜனவரியில் உறைபனியாகும். பனி விழுகிற நாட்களில் வானம் துடைத்துவிட்டது போல இருக்கும். விடிகாலையில் ஒன்றிரண்டு டிகிரி, மதியம் இருபது. வில்லங்கம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான். ராத்திரி முழுக்கச் சில்லிட்டுப்போன இன்ஜின் ஒன்பது மணி வரைக்கும் சில்லென்றே இருக்கும். வெளியே வெயில் ஏறி, புல்லில் இருந்த பனி உருகி ஆவியாகி, அந்த ஈரக்காற்று ஷெட்டுக்குள் வரும்போது இன்ஜினுக்கு வியர்க்கும். ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளருக்கு வெளியே முத்து முத்தாக நிற்குமே, அதேதான். ஒரு தடவை பொங்கலுக்கு மேலே வந்தபோது கண்ணால் பார்த்தேன். சிலிண்டர் ஃபின்களின் நுனியில் வரிசையாகத் தண்ணீர்த் துளி. கிராங்க்கேஸை விரலால் தடவினால் கோடு விழுந்தது. வெளியே இப்படி என்றால் பாதி காலியாக இருக்கும் டேங்குக்குள்ளும் சைலன்சருக்குள்ளும் இதே கதைதான்.

இது தெரியாமல் நான் முதல் வருஷம் செய்தது, புதுத் தார்ப்பாய் வாங்கி வண்டியைத் தலை முதல் கால் வரை சுற்றிக் கயிறு போட்டுக் கட்டியது. உள்ளே போன ஈரத்துக்கு வெளியே வர வழி இல்லை. மார்ச்சில் பிரித்தால் சீட்டில் வெள்ளைப் பூஞ்சணம், ரிம்மில் மிளகு தூவியது போலத் துரு, ஹேண்டில்பாரில் குரோமியம் கொப்புளம். வழி காட்டியவர் பக்கத்துத் தோட்டக்காரர். பள்ளத்தில் இருக்கும் இளந்தேயிலைச் செடிகளுக்கு அவர் பனிக்காலத்தில் தாகைச் செடியை வெட்டி வந்து மேலே போடுவார். என் தார்ப்பாயைப் பார்த்துவிட்டு, "சார், பனிக்கு மேல மட்டும் மூடுனா போதும். சுத்தி மூடுனா செடியே புழுங்கிப் போயிடும், வண்டி தாங்குமா?" என்றார். அடுத்த வருஷத்திலிருந்து நான்கு மூங்கில் நட்டு, மேலே பலகையும் பழைய கம்பளியும். தகரக் கூரையின் அடிப்பக்கம் சொட்டுகிற தண்ணீரைக் கம்பளி வாங்கிக்கொள்ளும், பக்கவாட்டில் காற்று ஓடும். வண்டி மேல் ஒரு பருத்திப் போர்வை, தூசிக்காக. கடைகளில் விற்கும் பளபளப்பான கவர்களையும் போட்டுப் பார்த்தேன். மழைக்குச் சரி, இந்த ஊர்ப் பனிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சுவரில் 2016, 2017க்கு எண் கிடையாது. "பையன்" என்று மட்டும் எழுதியிருக்கும். தோட்டக்காரர் மகனிடம் சாவியைக் கொடுத்து, வாரம் ஒருமுறை ஸ்டார்ட் பண்ணி இரண்டு மூன்று நிமிஷம் ஓடவிட்டு ஆஃப் பண்ணச் சொல்லியிருந்தேன். எல்லாரும் சொல்கிற யோசனைதானே. பாவம், அவன் ஒரு வாரம்கூடத் தவறவில்லை. அதுதான் கெடுதலாகப் போயிற்று. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. ஓட்டும்போது அது ஆவியாகப் போய்விடும். சில்லிட்ட இன்ஜினை மூன்று நிமிஷம் ஓடவிட்டு நிறுத்தினால் ஆவி உள்ளேயே குளிர்ந்து தங்கிவிடும். இரண்டு வருஷம் கழித்து சைலன்சரின் அடி மடிப்பு உள்ளிருந்து அரித்து, விரல் நுழையும் ஓட்டையாகிவிட்டது. ராக்கர் மூடியைத் திறந்தால் ஆயில் பால் விட்ட காபி நிறத்தில் கொழகொழ. சோக் போட்டே ஓட்டியதால் பிளக்கில் கரி. மெக்கானிக் பாய் அந்தக் கொழகொழப்பை விரலில் எடுத்து என் முகத்துக்கு நேராக நீட்டினார். "ஓட்டுனா ஓட்டுங்க சார், இல்லன்னா தூங்க விடுங்க. பாதித் தூக்கத்துல எழுப்பாதீங்க." ஊரில் இருப்பவர் என்றால் வாரம் ஒருமுறை இன்ஜின் நன்றாகச் சுடும்வரை அரைமணி நேரம் ஓட்டிவிட்டு வரலாம், அது வேறு. நின்ற இடத்தில் உறுமவிடுவது வேண்டவே வேண்டாம்.

அப்புறம் பெட்ரோல். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அளவுக்கு மீறினால் தண்ணீரோடு சேர்ந்து பிரிந்து டேங்க் அடியில் தேங்கும். இதற்குப் பயந்து 2019, 2020இல் டேங்கை முழுக்க வடித்து, அரை டம்ளர் இன்ஜின் ஆயிலை உள்ளே ஊற்றிச் சுழற்றி வைத்தேன். துரு வரவில்லை. ஆனால் பெட்ரோல் டேப்புக்குள் இருக்கும் கார்க் காய்ந்து சுருங்கிவிட்டது. மார்ச்சில் பெட்ரோல் ஊற்றியதும் டேப்பை மூடினாலும் சொட்டு நிற்கவில்லை. அதனால் இறங்குவதற்கு முந்தின நாள் புதுப் பெட்ரோலைக் கழுத்துவரை நிரப்பும் பழக்கத்துக்கே திரும்பிவிட்டேன். 14.5 லிட்டர் டேங்க்; காலியாக இருந்தால் 1,500 ரூபாய் வரை ஆகும். உள்ளே காற்றுக்கு இடம் இல்லாவிட்டால் வியர்க்கவும் இடம் இல்லை. டேப்பை மூடி, கார்ப்பரேட்டர் கிண்ணத்தை மட்டும் சுத்தமாக வடித்துவிட வேண்டும். இதை விட்டால் அந்த ஒரு வாய் பெட்ரோல் காய்ந்து, பிசின் போலப் பைலட் ஜெட் என்கிற ஊசித்துளையை அடைத்துக்கொள்ளும். 43 உதையில் பாதி அந்த ஜெட்டுக்குப் போனது.

இன்ஜினை நிறுத்தி வைப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. கடைசி நாள் ஒரு நல்ல ஓட்டம் ஓட்டி, சூட்டோடு ஆயிலை மாற்றுவேன். பழைய ஆயிலில் இருக்கும் கரியும் ஈரமும் மூன்று மாதம் பேரிங்கில் உட்கார்ந்திருக்கக் கூடாது. ஆறிய பிறகு பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாக ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு நாலு தடவை கிக்கரை மெதுவாக அமுக்கிவிட்டு, பிளக்கை மாட்டுவேன். பிறகு கிக்கர் கெட்டியாகத் தடுக்கும் இடத்தில் நிறுத்திவிடுவேன். அங்கே இரண்டு வால்வும் மூடியிருக்கும். சைலன்சர் வழியாகவோ கார்ப்பரேட்டர் வழியாகவோ ஈரக்காற்று சிலிண்டருக்குள் போகாது. பாய் இதை "கதவைச் சாத்திட்டுப் போறது" என்பார்.

பேட்டரி என்னோடு கோவைக்கு வந்துவிடும். சார்ஜ் இறங்கிய பேட்டரியின் ஆசிட் தண்ணீர் மாதிரி ஆகி எளிதில் உறையும். முழுச் சார்ஜில் இருந்தால் ஊட்டிக் குளிர் அதை ஒன்றும் செய்யாது. ஆனால் பத்து வாரம் அங்கே சார்ஜ் போட யார் இருக்கிறார்கள்? ஒரு வருஷம் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோய், பர்லியார் வளைவில் ஆசிட் சிந்தி வேட்டியில் சல்லடை. அதற்குப் பிறகு ஆசிட் சிந்தாத மூடிய பேட்டரிதான். மகள் வீட்டு வாஷிங் மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பில் உட்கார்ந்திருக்கும். மாதம் ஒருமுறை சார்ஜ். மல்டிமீட்டரில் 12.6 வோல்ட்டுக்குக் குறையவிடுவதில்லை. "அப்பா, இதுக்கும் சோறு ஊட்டியாச்சா?" என்று மகள் கேட்பாள்.

மற்றதெல்லாம் சில்லறை வேலை. சென்டர் ஸ்டாண்டு, டயருக்கு அடியில் பலகை, செயினுக்கு ஆயில், குரோமியத்தில் லேசாக கிரீஸ். ஏர் ஃபில்டர் டப்பாவில் எலி கூடு கட்டியதைப் பார்த்த வருஷத்திலிருந்து சுற்றிலும் அந்துருண்டை.

சைலன்சர் வாயைத் துணியால் அடைப்பது மட்டும் தனியாகச் சொல்ல வேண்டியது. அடைப்பது நல்லது. எடுக்க மறப்பதுதான் ஆபத்து. 2022க்கு நேராக 31 என்றும், பக்கத்தில் சின்னதாக "துணி" என்றும் இருக்கும். பாயிண்டைத் தேய்த்தாயிற்று, கண்டன்சரை மாற்றியாயிற்று, என் மனைவி வந்து பின்னால் நின்று, "இது என்ன, சைலன்சர்ல என் பழைய பாவாடை?" என்று கேட்டாள். இப்போதெல்லாம் அடைக்கும்போதே கிக்கரில் ஒரு சிவப்புத் துணி கட்டிவிடுகிறேன்.

திரும்பி வந்ததும் அவசரப்படக் கூடாது. இந்த வண்டியில் ஆயில் இருக்கும் அறையும் ஃப்ளைவீல் அறையும் தனித்தனி. மாதக்கணக்கில் நின்றால் பம்ப் வழியாகக் கசிந்து ஆயில் ஃப்ளைவீல் பக்கம் இறங்கிவிடும். பழைய புல்லட்டின் அமைப்பே அப்படி. தெரியாமல் உதைத்தால் ஸ்டார்ட் ஆன வேகத்தில் தெருவே புகை மண்டும், பிரீதர் குழாய் ஆயிலைத் துப்பும். நான் முதலில் ஃப்ளைவீல் அறைக்கு அடியிலிருக்கும் போல்ட்டைக் கழற்றி ஒரு தட்டில் வடிப்பேன். இந்த வருஷம் முக்கால் டம்ளர் வந்தது. அதே அளவு புது ஆயிலை மேலே ஊற்ற வேண்டும். பிறகு கிளட்சைப் பிடித்துக்கொண்டு சும்மா நாலைந்து தடவை கிக்கரை அமுக்கினால், குளிரில் ஒட்டிக்கொண்ட பிளேட்டுகள் 'சளக்' என்று பிரியும்.

பேட்டரி மாட்டி, சாவி போட்டு, ஆம்பியர் மீட்டரைப் பார்த்துக்கொண்டே கிக்கரை மெதுவாக இறக்கினேன். முள் இடப்பக்கம் சாய்ந்து, நடுவுக்குத் திரும்பிய இடத்தில் நிறுத்தி, சிலிண்டரின் அழுத்தத்தை வெளியே விடும் டீகம்ப்ரஷர் லீவரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை ஒரு விரற்கடை தள்ளி, ஒரு உதை. ஒன்றுமில்லை. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் ஒரு இருமல். நான்காவதில் 'டுக்' என்று பிடித்து, பின்னால் கொஞ்சம் நீலப்புகை விட்டு, அடங்கி ஓட ஆரம்பித்தது. நான் நிற்கவைத்து ஓடவிடவில்லை. கேத்தி பாலாடா வரை போய், கேரட் வாங்கிக்கொண்டு, இன்ஜினில் கை வைக்க முடியாத சூட்டோடு திரும்பி வந்தேன். ஷெட்டில் கரிக்கட்டையைத் தேடுவதற்குத்தான் நேரமாகிவிட்டது. 2025க்கு நேராக 4.