கோல்ஃப் கிரிப்: கட்டைவிரல் பிடியா, கடைசி மூன்று விரல் பிடியா?

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கமிருந்து கோல்ஃப் பழக வருகிறவர்களில் பலர் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவர்கள். கிளப்பை (பந்தை அடிக்கும் கோலை) எவ்வளவு இறுக்கிப் பிடிக்கணும் என்றுதான் முதலில் கேட்பார்கள். எந்த விரலால் இறுக்குகிறோம் என்பது அதைவிடப் பெரிய விஷயம். இங்கே சொல்வதெல்லாம் வலது கைக்காரர்களுக்கு. இடது கைக்காரர்கள் கையை மாற்றிக்கொள்ளுங்கள்.

கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் கிள்ளுகிற மாதிரி பிடிப்பது முதல் வகை. டென்னிஸ் பந்தை லெக் சைடில் தூக்கி அடித்த கைக்கு இதுதான் தானாக வரும். கிளப் கைக்குள் அடங்கிவிட்டதுபோல் தோன்றும். ஆனால் முன்னங்கை இறுகும், மணிக்கட்டு பூட்டிக்கொள்ளும். பந்தைத் தொடும் நேரத்தில் கிளப் முகம் (பந்தில் படும் தட்டைப் பக்கம்) முழுதாகத் திரும்பாமல் வலப்பக்கம் திறந்தே நிற்க, டிரைவரில் (அதிகத் தூரம் அடிக்கும் நீளமான கிளப்) பந்து வலப்பக்கம் வளைந்து ஓடும். அந்த ஸ்லைஸைச் சரிசெய்ய இன்னும் இறுக்குவார்கள். வளைவு இன்னும் கூடும்.

இரண்டாவது வகையில் பிடிமானம் இடது கையின் நடுவிரல், மோதிர விரல், சுண்டுவிரல் மூன்றிலும் இருக்கும். கைப்பிடி சுண்டுவிரலின் அடியிலிருந்து ஆட்காட்டி விரலின் நடு மூட்டு வரை சாய்வாகப் படுக்க, உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்கச் சதைமேடு அதன்மேல் உட்கார வேண்டும். வலது கையில் நடுவிரலும் மோதிர விரலும் மட்டும் பிடித்தால் போதும். கட்டைவிரல் சும்மா ஒட்டியிருக்கட்டும்.

வித்தியாசத்தை உணர பந்தே தேவையில்லை. 7 அயர்னை (நடுத்தரத் தூரத்துக்கான உலோகத் தலை கிளப்) இடது கையால் மட்டும் பிடித்து, கட்டைவிரல், ஆட்காட்டி விரல் இரண்டையும் அழுத்திக்கொண்டு மணிக்கட்டை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். பிறகு அவற்றைத் தளர்த்தி, கடைசி மூன்று விரலால் பிடித்து அசையுங்கள். இரண்டாவதில் கிளப் தலையின் எடை கைக்குத் தெரியும்.

எல்லா விரலையும் ஒரே மாதிரி லேசாக வைக்கும் மூன்றாவது வகையும் உண்டு. குழிக்குப் பக்கத்திலிருந்து மெல்லத் தூக்கி அடிக்கும் சின்ன சிப் ஷாட்டுக்கும், பந்தைக் குழிக்குள் உருட்டும் புட்டிங்குக்கும் இது நன்றாக ஒத்துவரும், முழு ஸ்விங்குக்கு வராது. டிரைவர் தலை சுமார் 200 கிராம்தான். அது நொடிக்கு 40 மீட்டர் வேகத்தில் சுற்றும்போது, ஏறக்குறைய 20 கிலோ எடையைத் தொங்கவிட்ட அளவுக்குக் கையை வெளியே இழுக்கிறது. லேசாக இருந்த கை பயந்து, டவுன்ஸ்விங் (கிளப்பைக் கீழே இறக்கி அடிக்கும் வீச்சு) நடுவில் திடீரென்று பற்றிக்கொள்ளும். அப்போது எந்த விரல் முந்தும் என்று சொல்ல முடியாது. ஒரு பந்து வலது, அடுத்தது இடது. நழுவும் நிலை 1, முழுப் பலம் 10 என்றால், கடைசி மூன்று விரலில் தொடக்கத்திலேயே 5 வைத்துக்கொள்வது நல்லது. பந்து ரஃபில் (ஓரத்து நீளப் புல்லில்) கிடந்தால் 7 வரை போகலாம். நீளப் புல் கிளப்பைச் சுற்றிக்கொண்டு முகத்தை மூடிவிடும்.

ஊர் வெயிலும் பனியும்கூடப் பிடியை மாற்றும். தருமபுரி சித்திரை வெயிலில் வியர்வை வழுக்கினால் கட்டைவிரல் தானாகக் கிள்ள ஆரம்பிக்கும். 2 க்ளவுஸ் வைத்து மாற்றி மாற்றிப் போடுங்கள். ஓசூர் மார்கழிக் காலையில் விரல் விறைத்தாலும் இதே தப்புதான் நடக்கும்; முதல் பந்துக்கு முன் கையைச் சூடேற்றிக்கொள்ளுங்கள். கிரிப் ரப்பர் பளபளவென்று ஆகியிருந்தால், பாத்திரம் தேய்க்கும் சோப்பும் வெதுவெதுப்பான நீரும் போட்டு பிரஷ்ஷால் தேய்த்துக் காயவையுங்கள். பளபளப்பு போகாவிட்டால் மாற்ற வேண்டியதுதான்.

பழைய க்ளவுஸை ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். கட்டைவிரல் பகுதி தேய்ந்திருந்தால் கிள்ளுகிறீர்கள். சதைமேட்டுப் பகுதி கிழிந்திருந்தால் கைப்பிடி உள்ளங்கைக்குள் ஏறி, ஒவ்வொரு அடியிலும் உரசுகிறது. கிரிப் தடிமனையும் பாருங்கள்: இடது கையால் பிடிக்கும்போது நடுவிரல், மோதிர விரல் நுனிகள் உள்ளங்கையை லேசாகத் தொட வேண்டும். குத்தினால் கிரிப் மெலிது, எட்டாவிட்டால் தடிமன். மெலிதாக இருந்தால் அடியில் டேப் ஒரு சுற்று கூட்டச் சொன்னால் போதும்.